நூறாவது திருத்தம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்திரண்டு. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். கதை காத்திருக்கும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில், துறைமுகம் போகிற சாலையில், ஒரு கயிற்றுக்கடைக்கு மேலே அவள் அறை. அங்கே உட்கார்ந்து ஒரு கணினி நிரலைப் பராமரித்து வந்தாள். நாளைக்குக் கடலில் காற்று எப்படி என்று வள்ளக்காரர்களின் போனுக்குச் சொல்கிற நிரல். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் வீட்டில் கிடக்கலாம்.

யாருக்கும் சொந்தமில்லாத நிரல் அது. எவரும் படிக்கலாம். தப்பு கண்டால் திருத்தி மெயிலில் அனுப்பலாம். வந்த மெயிலைப் பிரித்து நிரலுக்குள் ஒட்டுவதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. அது திருத்தத்தை எடுத்துக்கொள்ளும். எழுதியவர் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பதிவேட்டில் எழுதியவருக்கு ஒரு வரி, ஒட்டியவருக்கு ஒரு வரி.

சீடர் தங்கப்பழம். ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் சிக்னல் பார்த்தவர். ஓய்வுபெற்ற அன்று கேபின் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தார். நாலாம் நாள் நிரல் படிக்கக் கயிற்றுக்கடை மாடி ஏறிவிட்டார்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வருகிற திருத்தங்களை ஒட்டுவது அவர்தான். ஆனால் அவர் ஒட்டியது அவருடைய கிளையில், அதாவது தனிப் பிரதியில், போய் நிற்கும். ஜெசிந்தா பார்த்து, சரி என்றால் எல்லாருக்கும் போகிற மெயினில் சேர்ப்பாள். மெயினில் கைவைக்கும் அனுமதி அவளுக்கு மட்டும். அதற்கு இருவரும் சாவி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு ஜூனில் பேறுகாலம். அதற்குள் சாவி இன்னொருவர் கைக்குப் போயாக வேண்டும்.

"யாருக்குக் குடுக்கதா உத்தேசம் டீச்சர்?"

"நூறு திருத்தம் ஒட்டுங்க அண்ணாச்சி. பொறவு பேசலாம்."

அன்றிலிருந்து தங்கப்பழம் காலண்டரில் கோடு போட்டார். மே மாதம் பாதியில் தொண்ணூற்றொன்பது கோடு. அதில் ஒன்றைக்கூட ஜெசிந்தா திருப்பி அனுப்பியதில்லை. ரயில்வேக்காரர் வேலை அப்படி.

நூறாவது, பாம்பனிலிருந்து வந்தது. அனுப்பியவர் நம்புராஜன். வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஆள். அவருக்கு இதுதான் முதல் திருத்தம். மூன்றே வரி. பாம்பனுக்குத் தெற்கே கச்சான் காற்று வீசும்போது, மணிக்கு இருபத்தெட்டு கடல்மைல் வேகத்துக்குச் சிவப்பு என்று இருந்ததை இருபத்திரண்டு என்று மாற்றியிருந்தார். ஏன் என்று எழுதவில்லை.

தங்கப்பழம் வீட்டுக் கணினியில் கட்டளையைக் கொடுத்தார்.

ஒட்டவில்லை.

மறுபடி கொடுத்தார். மறுபடி ஒட்டவில்லை. மெயிலைத் திறந்து பார்த்தார். நம்புராஜன் போனிலிருந்து அனுப்பியிருக்கிறார். போன், நீள வரிகளை எல்லாம் நடுவில் ஒடித்துப் போட்டிருக்கிறது. ஒடிந்த வரியைக் கட்டளை தொடாது.

ஆளுக்கு எழுதி, இணைப்பாக அனுப்பச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. பதில் வர ஒரு நாளாகலாம். கடலுக்குப் போயிருந்தால் மூன்று நாள்.

மூன்று வரிதானே.

தங்கப்பழம் கையால் தட்டினார். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார். சேமித்தார். எழுதியவர் யார் என்று கணினி கேட்கவில்லை. தட்டியவர் பெயரைத் தானாகப் போட்டுக்கொண்டது. எழுதியவர் தங்கப்பழம். ஒட்டியவர் தங்கப்பழம்.

அது அவர் கண்ணில் பட்டது. படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மறு கை அதற்குள் காலண்டருக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அரைக் கிலோ மக்ரூனோடு மாடி ஏறினார்.

ஜெசிந்தா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். மென்றுகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நீங்க எழுதுனதா அண்ணாச்சி?"

"தட்டுனது நான். மெயில் ஒடஞ்சு வந்துச்சு. ஒரு எழுத்து பிசகாது, வேணும்னா பாத்துக்கிடுங்க."

"பாத்துட்டேன். பிசகல."

"அப்போ குறை என்ன?"

அவள் இன்னொரு மக்ரூன் எடுத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். திருத்தம் மெயினுக்குள் போனது. தங்கப்பழம் பெயரோடு போனது.

"நூறு ஆயிட்டுல்லா?" என்றார் சீடர்.

"எண்ணுறது நீங்கதான. ரெண்டு நாள் இருங்க."

ரெண்டு நாள் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. மக்ரூன் பெட்டியை மூடி அவள் பக்கமே தள்ளி வைத்துவிட்டு இறங்கினார்.

மதியமே மெயில் வந்தது.

எழுதியவள் குளச்சல் ரெக்சலின். பாம்பன் பக்கம் தங்கித் தொழில் செய்கிற இருபது குளச்சல் வள்ளத்துக்குத் தினமும் காலையில் போனில் எச்சரிக்கை வாசிப்பவள். நிரலில் எதை மாற்றினாலும் முதல் ஆளாகப் படிப்பவள். மெயில் தனியாக வரவில்லை. நிரலோடு தொடர்புடைய நூற்று நாற்பது பேருக்கும் சேர்த்து வந்தது.

'பாம்பனுக்கு மட்டும் இருபத்திரண்டு ஏன்? சிவப்புன்னு வாசிச்சா ஒரு நாள் தொழில் போச்சு. சும்மா வாசிக்க மாட்டேன். எழுதின தங்கப்பழம் காரணம் சொல்லணும்.'

தங்கப்பழம் போனை எடுத்தார்.

"டீச்சர், குளச்சல்காரிக்கு ஒரு பதில் போட்டுருங்களேன்."

"யாரைக் கேட்டிருக்கா?"

"என்னையத்தான்."

"அப்போ சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள்.

அவர் யோசித்தார். காற்று தெரியாது. கச்சான் மேற்கேயிருந்து வீசுகிற காற்று என்பதையே மனைவியைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டார். கடலில் அவர் போனது ஒரே ஒரு தரம், கன்னியாகுமரிப் பாறைக்கு. போகப் பத்து நிமிஷம், வரப் பத்து நிமிஷம். இரண்டு தடவையும் வாந்தி.

கடைசியில் எழுதினார். 'மூத்த மீனவர்களின் நெடுநாள் அனுபவத்தின் அடிப்படையில் இந்த மாற்றம் செய்யப்பட்டது.' படித்துப் பார்த்தார். ரயில்வே சுற்றறிக்கை மாதிரி கம்பீரமாக இருந்தது. அனுப்பிவிட்டார்.

பத்து நிமிஷம்.

'எந்த மூத்தவரு? பேரும் ஊரும் சொல்லும். நீரு எத்தனை வருஷமா கடல்ல கிடக்கீரு?'

பொன்னேரியிலிருந்து ஒருவர் எழுதினார்: 'எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல்.' கடலூரிலிருந்து ஒருவர்: 'காரணம் தெரிந்தால் எங்கள் முகத்துவாரத்துக்கும் மாற்றலாமா என்று பார்ப்போம். தங்கப்பழம் ஐயா விளக்கவும்.'

ஐயா மெயிலை மூடினார். நூற்று நாற்பது பேர். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு சிக்னலைத் தவறாக இறக்கியவரில்லை. இன்றைக்கு ஒரு பச்சையா சிவப்பா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

அன்று அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "மக்ரூன் தின்ன வயிறு," என்றாள் மனைவி. ஒரு துண்டுகூட அவர் தின்றிருக்கவில்லை. அதை விளக்கவும் தெம்பில்லை.

மறுநாள் நம்புராஜனின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

"நம்புராஜன் தம்பியா? தூத்துக்குடியிலேர்ந்து தங்கப்பழம்."

"அண்ணே! ஒங்க பேருதான் ரெண்டு நாளா ஓடிக்கிட்டுக் கெடக்கு."

"பாத்தியளா?"

"பாத்தேன்ண்ணே. குளச்சல் அக்கா போடுற போட்டப் பாத்துட்டு போனக் கமத்தி வச்சுட்டேன்."

"தம்பி, அது உங்க திருத்தம்லா. உங்க பேருதான் இருக்கணும். நான் தப்பு பண்ணிட்டேன்."

"ஐயையோ. வேணாம்ண்ணே. பேரு நீங்களே வச்சுக்கங்க."

தங்கப்பழத்துக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

"சரி, பேரை விடுங்க. இருபத்திரண்டு எதுக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

இப்போது அந்தப் பக்கத்துக் குரல் மாறியது.

"அண்ணே, கச்சான் ஒரு பக்கம் தள்ளுது. நீரோட்டம் எதுக்க வருது. ரெண்டும் முட்டுற எடத்துல அல படுக்காது, எந்திருச்சு நிக்கும். செவுரு மாதிரி. வேற எடத்துல இருபத்தெட்டுல ஓட்டிரலாம். இங்க இருபத்திரண்டுலயே வள்ளம் மூக்கக் குத்திரும். போன வருசம் மூணு வள்ளம். ஒண்ணுல நான் இருந்தேன்."

தங்கப்பழம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தம்பி, இதை அப்படியே எழுதுங்க. இதே பேச்சுல. அந்தக் குளச்சல் பிள்ளைக்கு."

"கடிக்காதுல்ல?"

"கடிச்சா நான் இருக்கேன். திருத்தத்தையும் இன்னொரு தரம் அனுப்புங்க. மெயிலுக்குள்ள ஒட்டாம, தனியா இணைச்சு."

ஒரு மணி நேரத்தில் நம்புராஜன் எழுதிவிட்டார். எல்லாருக்கும் சேர்த்து. புள்ளி, கமா எதுவும் கிடையாது. சுவர் மாதிரி அலை இருந்தது. மூன்று வள்ளம் இருந்தது.

ரெக்சலினின் பதில் ஒரே வரி. 'இதத்தான ரெண்டு நாளா கேக்கேன், நாளையிலேர்ந்து வாசிக்கேன்.'

தங்கப்பழம் மாடி ஏறினார். கையில் மக்ரூன் இல்லை. ஜெசிந்தா காலை ஸ்டூல்மேல் நீட்டி வைத்துக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், என் பேர்ல போனதை எடுத்துரணும்."

"எடுங்க."

"சத்தமில்லாம அழிச்சுர முடியுமா?"

"நூத்தி நாப்பது பேரு ஏற்கெனவே இறக்கி வச்சிருக்காவ. ஒவ்வொரு வீடா போயி அழிப்பீங்களா? ரயில் பாஸ் இருக்கு, போயிட்டு வாங்க."

"அப்போ நீக்குதேன்னு எழுதித்தான் நீக்கணும்."

"ஆமா."

"அது பதிவேட்டுலயே கெடக்கும்."

"கெடக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"நிரல் இருக்கிற வரைக்கும்."

தங்கப்பழம் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. பிறகு தட்டத் தொடங்கினார். ஜெசிந்தா எட்டிப் பார்க்கவில்லை. இளநீர் ஓட்டைக் கீறி வழுக்கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

'தங்கப்பழம் எழுதியதாகச் சேர்ந்த திருத்தத்தை நீக்குகிறேன். அதை எழுதியது நான் அல்ல. பாம்பன் நம்புராஜன். மெயில் ஒடிந்து வந்ததால் நான் கையால் தட்டினேன். என் பெயர் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தும் விட்டேன். மூத்த மீனவர்கள் என்று எழுதியது வெறும் வாய்ப்பந்தல். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து வருவது அவருடைய திருத்தம், அவர் பெயரில்.'

பிறகு நம்புராஜன் இரண்டாம் முறை அனுப்பிய மெயிலை எடுத்துக் கட்டளையைக் கொடுத்தார். இந்த முறை வழுக்கிக்கொண்டு ஒட்டியது. எழுதியவர் நம்புராஜன். ஒட்டியவர் தங்கப்பழம்.

"முடிஞ்சுது. என் கிளையில வச்சிருக்கேன். பாத்து மெயின்ல சேத்துருங்க டீச்சர்."

"நீங்களே மெயினுக்கு அனுப்புங்க."

"அது விடாதுல்லா. அனுமதி இல்லம்பான்."

"அனுப்பிப் பாருங்க. எனக்குக் குனிய முடியல."

அனுப்பினார். விரட்டும் என்று திரையிலிருந்து முகத்தைக்கூடக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

விரட்டவில்லை. இரண்டும் உள்ளே போய் உட்கார்ந்தன. யாரையும் கேட்கவில்லை.

தங்கப்பழம் திரையைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"சாவி எப்போ குடுத்தீய?"

"நீங்க தட்டிக்கிட்டிருக்கும்போது. போனுலயே."

"படிச்சீங்களா?"

"நீங்கதான் தட்டும்போது வாய்விட்டுச் சொல்லுவீங்களே. கீழ கயிற்றுக்கடைக்கே கேட்டிருக்கும்."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. சிரிக்க முயன்றார். ஆனால் ரயில்வே கணக்கு விடவில்லை.

"டீச்சர், நூறுன்னு சொன்னீங்க. அந்த ஒண்ணக் கழிச்சுட்டேன். நம்புராஜனதச் சேத்தாலும் நூறு சுத்தமா வரலியே. நடுவுல ஒரு தப்பு கெடக்கே."

ஜெசிந்தா இளநீர் ஓட்டைக் கீழே வைத்தாள்.

"தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஒரு தப்புகூட வரல அண்ணாச்சி. பேறுகாலம் வேற கிட்ட வந்துட்டுது. தப்பு வந்தா என்ன செய்வாருன்னே தெரியாத மனுசன நம்பி எப்படிச் சாவியக் குடுக்கப் போறேன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்."