அக்கினி நட்சத்திரத்தில் ஒரு போர்வை

குட்டிச்சாமிக்குச் சீடர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். அதனால் அவர் எல்லோரையும் அண்ணா என்றும் அக்கா என்றும் கூப்பிடுவார். அவர்கள் அவரைச் சாமி என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் சீடர் என்று தெரியாமல், கூட்டத்தில் தாடி அதிகமாக இருக்கிற ஆளின் காலில் விழுந்து எழுந்திருப்பார்கள். அந்த ஆளும் ஆசீர்வாதம் பண்ணிவிடுவார்.

பல்லடம் போகிற வழியில், ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதுதான் மடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருகிறவர்களில் மருதாசலம் ஒருவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரே வெட்டில் ஊருக்கே முதுகும் நெஞ்சும் எடுத்துவிடுகிற ஆள். அந்த முதுகும் நெஞ்சும் கப்பலேறிப் போய்விடும். யார் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

சொந்த வீட்டுக்கு என் கையால் ஒன்றும் செய்ததில்லையே என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் ஊசியை எடுத்துவிட்டார். தங்கச்சி புருஷனான மச்சானுக்கு ஒரு பை தைத்தார். மனைவிக்கு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கைப்பிடித்துணி தைத்தார். அப்புறம் தங்கச்சி கோகிலவாணிக்கு ஒரு போர்வை.

போர்வைதான் பெரிய வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கச்சியை வளர்த்தவர் அவர். அவளுடைய பள்ளிக்கூட யூனிஃபார்ம், சடங்குக்கு எடுத்த பாவாடை, அம்மா கட்டியிருந்த நூல்சேலை என்று பெட்டியில் கிடந்ததையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, ஒட்டுச் சேர்த்துக் கையாலேயே தைத்தார். அடுக்காக வெட்டிப் பழகிய கை, ஒற்றைத் துணியை வெட்டுமுன் இரண்டு முறை அளந்து பார்த்தது.

தை மாதம் பிறந்ததும் மடத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

"குழப்பமா இருக்குதுங்க சாமி" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

சொன்னார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். நல்ல பனி. துண்டு எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தால், மேல்தட்டில் பட்டுச்சேலைக்கும் மேலே, பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டு, அந்துருண்டையோடு உட்கார்ந்திருக்கிறது போர்வை. கட்டிலில் தங்கச்சியின் குட்டி மகள், கடையில் வாங்கிய புலிப்படம் போட்ட கம்பளிக்குள் தூங்குகிறாள். ஏம்மா என்று கேட்டதற்கு, நீ தச்சதுண்ணா, எடுத்தா அழுக்காயிரும் என்றிருக்கிறாள் கோகிலவாணி.

மருதாசலம் விடவில்லை. தானே கவரைப் பிரித்து, போர்வையை உதறி, குழந்தைமேல் போர்த்தியிருக்கிறார். அந்துருண்டை நெடியில் குழந்தை தும்மித் தும்மி எழுந்து உட்கார்ந்து, எனக்குப் புலிதான் வேணும் என்று அழுதிருக்கிறது. கோகிலவாணி சிரித்துவிட்டாள். மச்சான் சிரித்தார். மச்சானுடைய அம்மாவும் சிரித்தார். அவருக்குப் பல் இல்லாததால் அந்தச் சிரிப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது.

மருதாசலம் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

"பை என்னாச்சுங்கண்ணா?" என்று கேட்டார் குட்டிச்சாமி.

"அதையேன் கேக்கறீங்க. அதுல வெங்காயம் வாங்கறாங்க. பாத்துப் பாத்துத் தச்ச பையிங்க சாமி, ரேஷன் கடையில தரையில கிடக்குது."

"ஓகோ."

"வெங்காயத்தை விடுங்க. போர்வையைச் சொல்லுங்க. புடிச்சதனால உள்ள வெச்சாளா, புடிக்காததனால உள்ள வெச்சாளா? எனக்கு அது தெரிஞ்சாகோணும். தெரியற வரைக்கும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அக்கினி நட்சத்திரம் தொடங்குகிற வாரத்தில் குழந்தைக்குக் காது குத்துவதாக ஏற்பாடு. மாரியம்மன் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். கோகிலவாணிக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த மடிக்கு என்ன ஏற்பாடு என்று குட்டிச்சாமி கேட்டார்.

"மச்சானோட பங்காளியில எவனுக்காச்சும் மடி இருக்கும்" என்றார் மருதாசலம்.

குட்டிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. பதில் வரப்போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்கண்ணா" என்றார்.

தங்கச்சிக்குத் தைத்ததைவிடக் கவனமாக இதைத் தைத்தார் மருதாசலம். பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற வெட்டுத்துணியில் நல்லதாகப் பொறுக்கி, காவியும் வெள்ளையுமாகச் சேர்த்து, ஓரத்துக்குப் பட்டி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டிச்சாமி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், போர்வைமேல் நாய் படுத்திருக்கிறது. தோப்பில் திரிகிற பெட்டை. குட்டி போட்டிருந்தது. காவி எது வெள்ளை எது என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது போர்வை.

மருதாசலம் கிட்டே போய்ப் பார்த்தார். என்னங்க சாமி இது என்று மட்டும் கேட்டார்.

"குளுருல கிடந்துச்சுங்கண்ணா" என்றார் குட்டிச்சாமி.

"உங்களுக்குன்னு தச்சதுங்க."

"ஆமா. நீங்க எனக்குக் குடுத்தீங்க. நான் அதுக்குக் குடுத்தேன். அது யாருக்குக் குடுக்குதுன்னு இன்னும் தெரியல."

மடத்தில் சமையல் பார்க்கிற சிந்தாமணியக்கா சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாள். குட்டிகளுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது மருதாசலம், ஒண்ணுகூடப் புலி வேணும்னு அழுவல என்றாள்.

ஏதோ பாடம் நடக்கிறது, தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார் மருதாசலம். போன வேகத்தில் இன்னொன்று தைத்தார். இந்த முறை கொடுக்கும்போது, இது வாயில்லாப் பிராணிகளுக்கு இல்லீங்க என்று சொல்லியே கொடுத்தார்.

குட்டிச்சாமி சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்த முறை மருதாசலம் வந்தபோது கொட்டகையின் நடுவில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பூட்டு. பூட்டுக்குச் சந்தனம், குங்குமம். பெட்டிக்கு மாலை. முன்னால் ஊதுபத்தி. உள்ளே என்னங்க என்று வருகிறவர்கள் கேட்டால், மருதாசலண்ணன் தைத்த போர்வை, யாரும் தொடக்கூடாது என்று குட்டிச்சாமி தாழ்ந்த குரலில் சொல்வார். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பையன் பத்தாவது பாஸாக வேண்டும் என்று ஒரு அம்மா பெட்டியின்முன் தேங்காய் உடைத்துவிட்டுப் போனாள்.

முதலில் மருதாசலத்துக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாரங்கள் போகப்போக அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அங்கேயும் உட்கார முடியவில்லை.

இதற்கிடையில் கோகிலவாணி வெற்றிலைபாக்குத் தட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்து காதுகுத்துக்கு அழைத்துவிட்டுப் போனாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தே மருதாசலம் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டார். சீர்சாமான் ஒன்றும் வாங்கக்கூடாது, நீயும் போகக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி சோற்றை நிறுத்தவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிறு. கொட்டகையின் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. மருதாசலம் பெட்டியைக் காட்டி, பெட்டிக்குள்ள வெக்கவா சாமி தச்சேன் என்று கேட்டுவிட்டார்.

"பின்னே எதுக்குங்கண்ணா?"

"போத்திக்கறதுக்குங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தத் தேங்காயெல்லாம் சட்னிக்கு ஆகியிருக்குமே" என்று சொல்லிவிட்டுக் குட்டிச்சாமி பெட்டியைத் திறந்தார். போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

காதுகுத்து நாளன்று, வீட்டில் இருக்க முடியாமல், கோயிலுக்கும் போக முடியாமல், மருதாசலம் காலையிலேயே மடத்துக்கு வந்துவிட்டார்.

குட்டிச்சாமி அப்படியே இருந்தார். அதே போர்வை, கழுத்துவரை. முகம் பழுத்த தக்காளி மாதிரி இருந்தது. வியர்வை தாடியில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து இப்படி என்று மருதாசலம் பதறிப்போய்க் கேட்டார். நீ போன நேரத்திலிருந்து என்றாள் சிந்தாமணியக்கா. சாப்பிடும்போதும் எடுக்கவில்லை. கிணற்றடிக்குப் போனாலும் அதோடுதான் போகிறார். உடம்பெல்லாம் வேர்க்குரு. சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை.

"சாமிக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ்ல உன்ற பேரைத்தான் சொல்லுவேன்" என்றும் சொன்னாள்.

மருதாசலம் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். தங்கச்சி. அடித்து ஓய்ந்தது.

"நல்ல நேரம் எதுவரைக்குங்கண்ணா?" என்று கேட்டார் குட்டிச்சாமி. குரல் வறண்டிருந்தது.

"பன்னெண்டு வரைக்கும் இருக்குதுங்க."

"கோயிலு?"

"பஸ்ஸுல முக்கா மணி நேரம்."

தகரம் எங்கோ விரிந்து டக்கென்று சத்தம் போட்டது. குட்டிச்சாமி ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு தானே நிமிர்ந்துகொண்டார்.

"எடுத்துருங்க சாமி" என்றார் மருதாசலம்.

"போத்திக்கறதுக்குத்தானே தச்சீங்க?"

"தச்சனுங்க. இப்ப எடுத்துருங்க."

"எடுத்து எங்கீங்கண்ணா வெக்கட்டும்? நாய்க்குப் போட்டா உங்களுக்கு மனசு ஆறல. பெட்டியில வெச்சாலும் ஆறல. போத்தியிருந்தாலும் ஆறல. நீங்க ஒரு இடம் சொல்லுங்க. அங்க வெச்சர்றேன்."

மருதாசலம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கொடிக்கயிறு இருந்தது. ஆணி இருந்தது. பாய்ச்சுருள் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் போர்வையை மனசுக்குள் வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் தூசி படிந்தது. ஓரிடத்தில் எலி வந்தது. ஓரிடத்தில் யாரோ காலைத் துடைத்தார்கள். திரும்பக் குட்டிச்சாமியைப் பார்த்தார். தாடியிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது.

"எங்கீன்னாலும் வெச்சுக்குங்க சாமி" என்றார். "அது உங்களுதுங்க."

குட்டிச்சாமி போர்வையை எடுத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போனார். தொட்டித் தண்ணீரில் போர்வையை முக்கினார். ஊறட்டும் என்று கொஞ்சம் விட்டு, தூக்கி, பிழிந்தும் பிழியாமலும் தோளில் போட்டுக்கொண்டு, முக்காலியில் ஏறி, சமையல்கட்டின் தகரக்கூரைமேல் விரித்துப் போட்டார். கூரை சுர்ரென்று சத்தம் போட்டது. ஆவி எழுந்தது.

"அக்காவுக்கு உள்ள ஒரே வேக்காடு" என்றார்.

அந்தத் துணியின் சாயம் தண்ணீர் பட்டு வெயில் பட்டால் நிற்காது. மருதாசலத்துக்கு அது தெரியும். சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து சிந்தாமணியக்கா, அப்பாடா என்றாள்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை மருதாசலம் எடுத்தார். அந்தப் பக்கம் நாதஸ்வரமும் கூட்டமுமாக ஒரே இரைச்சல். தங்கச்சி எதுவும் கேட்கவில்லை. காது குத்தற ஆசாரி வந்து உக்காந்துட்டாருண்ணா என்று மட்டும் சொன்னாள்.

மருதாசலம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"தோடு வாங்கலீங்க சாமி. துணி எடுக்கல. ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்ல. தாய்மாமன் வெறுங்கையோட எப்படீங்க போய் நிக்கறது?"

குட்டிச்சாமி முக்காலியிலிருந்து இறங்கினார்.

"மடி காலியா இருக்குதுங்களாண்ணா?"

மருதாசலம் குனிந்து பார்த்தார்.

"இருக்குதுங்க."

"அது போதும். போங்க."