மிஸ்ஸிங் என்றால்

சந்தியாகு அறுபதை நெருங்கும் வயதில் இங்கிலீஷ் படிக்கப் போனார். அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒரே கேள்விதான்.

மகன் ரெக்சன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் எங்கோ புயலில் மூழ்கிவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் இங்கிலீஷில்தான் பேசினார்கள். அதனால் பெனிட்டா மிஸ்ஸின் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். மிஸ்ஸுக்கு அவருடைய மகள் வயது. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

அன்று காலை, மகன் எங்கே என்ற அந்தக் கேள்வியை அவரே போனில் கேட்டுவிட்டார். பதிலும் வந்தது. நேரே வகுப்புக்கு வந்தார். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

"கம்பெனிக்காரன் மிஸ்ஸிங்னு சொல்லுதான் மிஸ். அப்படின்னா?"

"காணோம்னு அர்த்தம், அண்ணாச்சி."

"பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்னு சொல்லுதோமே?"

"அதுவும் அதே வார்த்தைதான். விட்டுட்டோம்னு அர்த்தம்."

"அதுக்கு அடுத்த பஸ் வரும்லா?"

மிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"ரெக்சன் போனை வைக்கதுக்கு முன்னாடி 'மிஸ் யூப்பா'ம்பான். நான் சரி, சரிம்பேன். என்னன்னு கேட்டுக்கிட்டதில்லை."

"நீங்க பக்கத்துல இல்லாம என்னவோ போல இருக்குன்னு அர்த்தம்."

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்.

"செத்துட்டான்னும் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கா மிஸ்?"

"இல்லை."

"உசிரோட இருக்கான்னு?"

"அதுவும் இல்லை."

"வீட்டுல அவன் அம்மா வாய்விட்டு அழவும் மாட்டேங்கா, அடுப்பு பத்த வைக்கவும் மாட்டேங்கா. நான் போய் என்னன்னு சொல்ல?"

மிஸ் எழுந்து வந்து அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"அந்தச் சொல்லை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க. நான்னு ஆரம்பிச்சு."

"ஐ ஆம் மிஸ்ஸிங்..." அதோடு நின்றுவிட்டார்.

"யாரைன்னு சொல்லணும் அண்ணாச்சி. இப்படி நிறுத்திட்டா, நானே காணாமப் போயிட்டேன்னு ஆயிரும்."

மகன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பெயர் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

"ஐ ஆம் மிஸ்ஸிங்."



"சரிதான், அண்ணாச்சி. இதுல திருத்த ஒண்ணுமில்லை."