இரண்டு முறை ஆடிய காது

“அப்படியே தலைக்கு மேலே தூக்கினான்! ஒரு சுற்று சுற்றினான்! தொப்புன்னு மண்ணில போட்டான்!” என்று கத்தியபடி குரங்கு ஒரு விளாம்பழத்தைக் கீழே எறிந்தது. அணில்கள் சிதறி ஓடின.

புதருக்குப் பின்னால் நின்று கரடி அதைக் கேட்டது. அன்றைக்கு இது நான்காவது முறை. கேட்டதும் குளம் வரை போகும். தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்கும். திரும்பி வரும். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

குளம் வற்றும் கோடைகளில் அதன் நடுவே மல்யுத்தக் காட்சி நடக்கும். களத்தில் கரடிக்கு இடிமலை என்று பெயர். காட்டுப்பன்றிக்குக் கோரப்பல்லன். பன்றி கண்ணில் மண்ணை வாரி வீசும். பின்னால் வந்து முட்டும். காடே ஊளையிட்டுத் திட்டும். கடைசியில் கரடி அதைத் தலைக்கு மேல் தூக்கி எறியும். பிறகு ஏழு கோடைகள் குளம் வற்றவில்லை. காட்சியும் இல்லை. இந்த வருஷம்தான் மறுபடி அடிமண் தெரிந்தது.

“கரடியாவது, பன்றியைத் தூக்கறதாவது! சும்மா கதை!” என்றது காட்டெருமை. அது காட்டுக்குப் புதிது.

கரடி புதரைப் பிளந்துகொண்டு வந்தது. “பன்றி என்னடா பன்றி! நாளைச் சாயங்காலம் குளத்துக்கு வா. உன்னையே தூக்கறேன்!”

“தூக்கலேன்னா?”

“இந்தக் காட்டை விட்டே போறேன்!”

குரங்கு கிளையில் குதித்தது. “பழைய விதிதான்! வெளியாள் களத்தில் புகுந்தால் ஆட்டம் செல்லாது!”

மறுநாள் காலை காட்டுப்பன்றி நொண்டிக்கொண்டு வந்தது. விழுந்து விழுந்து அதன் முதுகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“இடி, போகாதே. நீ என்னைத் தூக்கினதே இல்லை. நான்தான் குதிச்சேன்.”

“ஒண்ணு ரெண்டு தடவை குதிச்சிருப்பே.”

“எல்லாத் தடவையும்! இடது காதை ரெண்டு முறை ஆட்டுவேன். நீ பிடிப்பே. நான் குதிப்பேன்.”

“காதுல ஈ உட்கார்ந்திருக்கும்.”

“நான் விழற இடத்துல காலையிலேயே வந்து கல் பொறுக்குவியே, அதுகூடவா ஞாபகமில்லை?”

“இல்லை,” என்றது கரடி. மரத்தைச் சுற்றி இன்னொரு முறை நடந்தது.

சாயங்காலம் குளக்கரை நிறைந்தது. மான்கள் வந்தன, முயல்கள் வந்தன. எட்டு வருஷத்துக்கு முன் குட்டிகளாகப் பார்த்தவை இப்போது தங்கள் குட்டிகளோடு வந்தன.

“இடிமலை! இடிமலை!”

கரடி காட்டெருமையின் வயிற்றைக் கட்டிப் பிடித்தது. மூச்சைப் பிடித்து எம்பியது. ஒரு குளம்புகூட எழும்பவில்லை. மறுபடி எம்பியது. கரையில் யாரோ சிரித்தார்கள்.

காட்டெருமை லேசாகத் தோளை அசைத்தது. கரடி மல்லாந்து விழுந்தது. முதுகுக்கு அடியில் ஒரு கல் குத்தியது. நெஞ்சுக்கு மேல் இரண்டு கொம்புகள் நின்றன.

“ஒத்துக்கறியா? மூட்டையைக் கட்டு!”

கரடி புரண்டு எழப் பார்த்தது. கொம்புகள் விலகவில்லை.

அப்போது கரையிலிருந்து ஒரு பிடி மண் பறந்து காட்டெருமையின் கண்ணில் விழுந்தது.

“தள்ளுடா! அவன் என் ஆள்! எட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்!” என்று உறுமியபடி காட்டுப்பன்றி களத்துக்குள் பாய்ந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் கிழ மான்கள்கூட எழுந்து ஊளையிட்டன.

“கோரப்பல்லன் புகுந்துட்டான்!” குரங்கு தலைகீழாகத் தொங்கியது. “ஆட்டம் செல்லாது! செல்லாது!”

காட்டெருமை கண்ணைத் தேய்த்துக்கொண்டது. “சரி! கதையில வர்ற பன்றி இதுதானே? இதையாவது தூக்கு, பார்க்கலாம்!”

கரடி எழுந்தது. பன்றி அதன் காலில் முட்டியது. மண்ணை வீசியது. “கிழட்டுக் கம்பளி!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஏசியது. பிறகு மிக அருகில் வந்து நின்றது. நொண்டும் காலை மண்ணில் ஊன்றிக்கொண்டது.

இடது காது ஆடியது. இன்னொரு முறை ஆடியது.

அதில் ஈ எதுவும் இல்லை. கரடி பிடித்தது. பன்றி குதித்தது. தலைக்கு மேல் ஒரு சுற்று, பிறகு தொப்பென்று மண்.

காடு அதிர்ந்தது. “அம்மாடி! நல்லவேளை, நான் தப்பிச்சேன்!” என்று காட்டெருமை பின்வாங்கியது. குட்டிகள் “இடிமலை!” என்று கத்திக்கொண்டே கரையைச் சுற்றி ஓடின.

பன்றி வெகு நேரம் எழவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் முன்னங்கால்களை ஊன்றியது. விலாவில் ரத்தம் இருந்தது.

“அடுத்த ஆட்டம் எப்போ?” என்று மேலேயிருந்து கேட்டது குரங்கு.

“முதுகு ஆறட்டும். பௌர்ணமி அன்னைக்குச் சாயங்காலம்,” என்றது பன்றி.

கரடி குனிந்து, பன்றி விழுந்த இடத்தில் கிடந்த கல்லைப் பார்த்தது.

வென்றவனின் பெயரை ஊர் சொல்லும். அவனுக்காக விழுந்தவனின் பெயரை வென்றவனாவது மறக்கக் கூடாது.

பௌர்ணமி அன்று காலை, குளத்தில் யாரும் இல்லாத நேரம், கரடி களத்தின் நடுவே குந்தியிருந்து கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கரையில் வைத்தது.