அண்ணன் தின்ன சாட்சி

கடலுக்கும் செம்மணல் தேரிக்காட்டுக்கும் நடுவுல, பனைமரமும், சர்ச்சுன்னு சொல்லுத வேதக்கோயிலும் தவிர வேற ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லாத ஒரு ஊரு. அந்த ஊருல அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருந்தாவ. அண்ணன் பேரு மாசிலாமணி, தம்பி பேரு வேதமுத்து. அண்ணனுக்கு வாயி வேல செய்யும், கை வேல செய்யாது. தம்பிக்கு கை வேல செய்யும், வாயி வேல செய்யாது, ஒரு சொல்லுக்கு மூணு தடவ திக்குவான். ஏல, சிரிக்காதீய, திக்குறது ஒரு குத்தமா? அவன் பாட்டுக்கு பனை ஏறுவான், பதனி எறக்குவான், ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போடுவான், அவ்வளவுதான் அவன்.

அவனுக்கு அதே ஊரு அருமைநாயகத்தோட மக தெபோராளப் பேசி முடிச்சிருந்தாவ. கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிக்கணும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உள்ளவுக சொல்லுங்கன்னு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சி. ஒண்ணுதான் பாக்கி.

அப்பம் ஒரு நாளு வேதமுத்து பனை உச்சியில நிக்கையில, காலு ரெண்டையும் சேத்துப் போடுவாவல்லா தளைநாரு, அது படக்குனு அந்து போச்சி. காலு நழுவி, ஒரு பச்சை மட்டையப் புடிச்சிக்கிட்டு அந்தரத்துல தொங்குதான். கீழ பாத்தா தல சுத்துது. "ஆண்டவரே, என்னக் கீழ எறக்கி விட்டீருன்னா, வருசா வருசம் அசனக் கிடாரத்த நானே கழுவுதேன்"னு பொருத்தனை பண்ணுனான். அசனம்னா தெரியும்லா, கோயில் பண்டிகைக்கு ஊரே ஒண்ணா உக்காந்து கறியும் சோறும் திங்கிறது. அதுக்குக் கிடாரம் கழுவுறதுன்னா லேசுப்பட்ட வேலையில்ல, ஆளு உள்ள எறங்கித் தேய்க்கணும். சொல்லி வாய மூடல, ஒரு காத்து அடிச்சி, பக்கத்துப் பனை ஓலை இவன் கையிக்குள்ள வந்து நின்னுச்சி. அதப் புடிச்சான், அந்த மரத்துக்குத் தாவுனான், எறங்கிட்டான்.

எறங்கி நேரா அண்ணன்கிட்ட போயி, "அ...அண்ணே, ஆண்டவரு என்னக் காப்பாத்துனத நாளைக்கு சபையில நான் சாட்சி சொல்லணும், எனக்கு வா...வாயி வராது, நீ பக்கத்துல நில்லு"ன்னான்.

"நீ ஏம்ல கஷ்டப்படுத? உனக்காக நானே சொல்லுதேன்"னான் மாசிலாமணி.

நல்லாத்தான் சொன்னான். ஆனா அந்த ஊருல ஒரு வழக்கம், எவன் சாட்சி சொல்லுதானோ அவனுக்கு அன்னிக்கு மத்தியானம் கோழி அடிச்சிச் சோறு போடுவாவ. மாசிலாமணி சபை முன்னால போயி நின்னு, "என் தம்பி"ன்னு ஆரம்பிக்கப் போனவன், கோழிய நெனச்சிட்டான். "நான்"னு ஆரம்பிச்சிட்டான். "நேத்து தம்பிக்குப் பதிலா நான் பனை ஏறுனேன், நாரு அந்துச்சி"ன்னு அழுது அழுது சொல்லுதான், சபையே "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"ங்குது.

வேதமுத்து எந்திரிச்சி, "அ...அது... நா...நான்..."ங்கதுக்குள்ள, "உக்காருல, அண்ணன் சாட்சிய தம்பி புடுங்கப் பாக்கானே"ன்னு எல்லாரும் அதட்டிட்டாவ. அருமைநாயகம் எந்திரிச்சாரு. "கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்லுதவனுக்கு எம்மகளக் குடுக்க மாட்டேன். மூணாவது ஓலைய நிறுத்துங்க ஐயரே"ன்னுட்டாரு. ஐயருன்னா பாதிரியாரு. அவரும் என்ன செய்வாரு, நிறுத்திட்டாரு. வேதமுத்து பனங்காட்டுல போயி உக்காந்து அழுதான். பாவமா இருந்துச்சி. அண்ணன் கோழி தின்னான்.

தின்ன ருசி நாக்க விடுமா? பக்கத்து ஊரு மணல்விளைக்குப் போனான். அங்க சாட்சி சொல்லையில நாரு மட்டும் அறுந்தா போதுமான்னு ஒரு புயலையும் சேத்துக்கிட்டான். முன்வரிசையில இருந்த ஒரு கிழவி கேட்டா, "ஏ தம்பி, புயல்ல இருந்து காப்பாத்துன ஆண்டவருக்கு ஒரு கிடாரம் கழுவுனா மட்டும் போதுமாக்கும்?" மாசிலாமணி, "இல்ல பாட்டி, எச்சில் எலையும் நானே எடுக்கேன்னு சொல்லியிருக்கேன்"னான். ஸ்தோத்திரம்னாவ, கோழி போட்டாவ.

அடுத்து புளியடிக்குப் போனான். புயலோட பனங்கொண்டையில ஒரு நாகப்பாம்பையும் சேத்துக்கிட்டான். அங்கயும் ஒருத்தரு கேட்டாரு, "பாம்புக்கும் சேத்து என்னய்யா பொருத்தனை?" "கிடாரம் கழுவி, எலை எடுத்து, பந்திக்கெல்லாம் நானே தண்ணி கோரி ஊத்துவேன்." ஸ்தோத்திரம்னாவ, கோழி போட்டாவ.

அடுத்து ஓடைக்கரைக்குப் போனான். புயலு, பாம்பு, அதுக்கு மேல ஒரு இடி. அங்கயும் கேட்டாவ. "கிடாரம் கழுவி, எலை எடுத்து, தண்ணி கோரி, ஊரு முழுக்கச் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி என் பல்லுல படாது"ன்னுட்டான். அங்க ரெண்டு கோழி போட்டாவ.

தெபோராளுக்கு மணல்விளையில அத்தை, புளியடியில சித்தி, ஓடைக்கரையில பெரியம்மை. மூணு பேரும் வரையில மூணு கதையச் சொன்னாவ. அவ முக்காட்டப் போட்டுக்கிட்டு நேரா ஐயரு வீட்டுக்குப் போனா.

"ஐயரே, இந்த வருசம் அசனத்துக்கு மூணு ஊரையும் கூப்பிடுங்க. மாசிலாமணி மச்சான் பொருத்தனை செலுத்துதாரு, பாக்க வாங்கன்னு சொல்லி விடுங்க."

"எதுக்கும்மா?"

"மெய்யின்னா நமக்குக் கிடாரம் கழுவ ஆளு கெடச்சிது. பொய்யின்னா அது தானா வெளிய வருது."

ஐயருக்குச் சிரிப்பு வந்துட்டு. சொல்லி அனுப்பிச்சாரு.

அசனத்தன்னிக்கு மூணு ஊரும் திரண்டு வந்துட்டு. ஆட்டுக்கறி கொதிக்குது, வாசம் கடக்கரை வரைக்கும் போவுது. மாசிலாமணி மொத ஆளா எலை முன்னால உக்காந்தான். மணல்விளைக் கிழவி வந்து, "தம்பி, எச்சில் எலை எடுக்கணும்லா, எந்திரி"ன்னா. எந்திரிச்சான். புளியடிக்காரரு செம்பக் கையில குடுத்து, "தண்ணி ஊத்தும்"னாரு. ஊத்துனான். சரி, ஒரு வாயி மட்டும் ஓரமா நின்னு தின்னுருவோம்னு கறிச்சட்டிப் பக்கம் போனா, ஓடைக்கரைக்காரவுக ரெண்டு பேரு வந்து கையப் புடிச்சிக்கிட்டு, "பல்லுல படாதுன்னீரே ஐயா, எங்களால உம்ம பொருத்தனை முறியக்கூடாது"ன்னாவ. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாவ.

மொதப் பந்தி எந்திரிச்சிது, எலை எடுத்தான். ரெண்டாம் பந்தி எந்திரிச்சிது, எலை எடுத்தான். மூணாம் பந்தி உக்காந்துச்சி. அப்பம் பாரு, கறி வெளம்புதவன் அகப்பைய கிடாரத்துக்குள்ள விட்டான், 'கறக்'னு ஒரு சத்தம். அடி தட்டிட்டு! மாசிலாமணி செம்பக் கீழ போட்டான்.

"ஐயோ கறி தீருதே! அது என் சாட்சி இல்ல! நான் பனையும் ஏறல, பொருத்தனையும் பண்ணல! எனக்கு ஒரு அகப்பை ஊத்துங்க!"

பந்தியே கை நின்னு போச்சி. ஐயரு கேட்டாரு, "அப்பம் அது யாரு சாட்சி?"

"தம்பி சாட்சி, ஐயரே."

"தம்பி எங்க?"

எல்லாரும் தேடுதாவ. பந்தியில இல்ல, பந்தலுக்குள்ள இல்ல. கோயிலுக்குப் பின்னால, காலியான மொதக் கிடாரத்துக்குள்ள 'சரக் சரக்'னு சத்தம் கேக்குது. உள்ள இடுப்பளவு எறங்கி நின்னு, தேங்கா நாரும் சாம்பலும் வெச்சி வேதமுத்து தேய்ச்சிக்கிட்டு இருக்கான். அவன யாரும் சாப்பிடக் கூப்பிடல, கழுவவும் சொல்லல.

"ஏல, உனக்குத்தான் சாட்சியே இல்லைன்னுட்டாவளே, பெறகு எதுக்குக் கழுவுத?"ன்னு அருமைநாயகம் கேட்டாரு.

"நா...நான் சபைகிட்டயா சொன்னேன்?"

அருமைநாயகம் தோளுத் துண்ட எடுத்து இடுப்புல கட்டுனாரு. ஐயரு, "வேதமுத்து, உன் சாட்சிய இப்பம் சொல்லு, எவனும் குறுக்க பேச மாட்டான்"னாரு. நாலு ஊரும் கிடாரத்தச் சுத்தி நின்னு காத்துக்கிட்டு இருந்துச்சி. அவன் நிமிந்து பாத்தான்.

"நா...நாரு அந்துச்சி. கூப்பிட்டேன். எறங்கிட்டேன்"னான். சொல்லிட்டுத் திரும்பவும் குனிஞ்சி தேய்க்க ஆரம்பிச்சிட்டான். ஸ்தோத்திரம்னு சொல்லக்கூட யாருக்கும் வாயி வரல. தெபோராள் மட்டும் ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து கிடாரத்துல ஊத்துனா, எல்லாரும் பாக்கத்தான் ஊத்துனா. அடுத்த ஞாயிறே மூணாவது ஓலைய வாசிச்சாவ.

மாசிலாமணியா? அவன் மெதுவா நழுவப் பாத்தான். மூணு ஊரும் விடல. "ஆண்டவரு பேரச் சொல்லி எங்க கோழியத் தின்னீருல்லா, ஆண்டவரு பேரச் சொன்ன பொருத்தனையச் செலுத்தும்"னுட்டாவ. ஐயரும் அது நியாயந்தான்னுட்டாரு. அன்னையில இருந்து மணல்விளை அசனத்துக்கு அவன்தான் எலை எடுத்தான், புளியடி அசனத்துக்கு அவன்தான் தண்ணி கோருனான், ஓடைக்கரை அசனத்துக்கு எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பெறகுதான் வாயில சோறு வெச்சான், சாகுற வரைக்கும்.

அதனால சொல்லுதேன் பிள்ளையளா, திருடியே தீருவேன்னா கோழியத் திருடுங்க, அது அன்னைக்கே செமிச்சிரும். அடுத்தவன் சாட்சியத் திருடாதீய, அது ஆயுசுக்கும் செமிக்காது. கத அது வழியில போச்சி, நாம நம்ம வழியில போவோம், ஆமென்.