லாரி தாண்டிய பள்ளம்

கயத்தாறைத் தாண்டி, நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு சின்ன மடம். அங்கிருந்த சாமிக்கு முப்பத்தெட்டு வயது. சீடராகச் சேர வந்த தவமணிக்கு ஐம்பத்தாறு. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தவமணி ஊர் ஊராக அப்பளம் விற்றவர். மொபெட்டில் போகும்போது ஏதாவது ஒரு லாரியின் முதுகை ஒட்டியே ஓட்டுவார். எதிர்க்காற்று அடிக்காது, பெட்ரோலும் மிச்சம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தார், பாவி மனுஷன். போன ஆடிக்காற்றில் மனைவி பேச்சியம்மாளை ஏற்றிக்கொண்டு அப்படிப் போனபோதுதான் வண்டி பள்ளத்தில் விழுந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்பு போயிற்று. இனி எழுந்து நடக்க மாட்டாள்.

“அவ முகத்தைப் பாக்க முடியலை சாமி. ஒரு வார்த்தை திட்டவும் மாட்டேங்கா. இனி இங்கனயே கெடக்கேன். நீங்க போற வழியே என் வழி.”

“வண்டிய எடுங்க அண்ணாச்சி. அந்தப் பள்ளத்தைக் காட்டுங்க” என்றார் சாமி.

பள்ளம் மூடப்படாமல் அப்படியே கிடந்தது. இருவரும் ஓரமாக நின்றார்கள். ஒரு லாரி வந்தது. ஒரு சக்கரம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், மறு சக்கரம் அந்தப் பக்கம். குலுங்கக்கூட இல்லாமல் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. ஏழெட்டு லாரிகள் போயின.

“லாரிக்காரன் மேல கோவமா?”

“அவன் என்ன செய்வான்? பள்ளம் இருக்கிறதே அவனுக்குத் தெரியாதே. நாந்தான் அவன் முதுகையே பாத்துக்கிட்டு...”

தவமணி ரோட்டோரம் நின்று அழுதார். சாமி தடுக்கவில்லை.

“இப்ப உங்க சம்சாரத்துக்குத் தண்ணி மோந்து குடுக்க வீட்டுல யாரு இருக்கா?”

“பக்கத்து வீட்டுல பாத்துக்கிடுவாங்க” என்றார் தவமணி, தரையைப் பார்த்து.

சாமி பள்ளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்குப் பொண்டாட்டி பிள்ளை கெடையாது. நான் குலுங்காமத்தான் போவேன். முன்ன ஒருத்தர் சீடரா என் முதுகையே பாத்துக்கிட்டு வந்தாரு. அவரு சம்சாரம் செத்த சேதி, பத்து நாள் கழிச்சுத்தான் மடத்துக்கு வந்துச்சு. அன்னைக்கு வரைக்கும் பள்ளம் இருக்கிறதே எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”