ஒத்தை றெக்கை

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா, அவளுக்கு ஒரே ஒரு பொண்ணு. ஊருக்குப் பக்கத்துல பெரிய ஆறு. இந்தக் கரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கரைக்குக் கேக்காது, அவ்வளவு அகலம். காலை ஆட்டாம படு, அப்பத்தான் சொல்லுவேன். ம், அப்படி.

அம்மா பேரு செங்கமலம், பொண்ணு பேரு அஞ்சுகம். செங்கமலத்துக்கு என்ன வேலை தெரியுமா? திருவிழா நடக்கற எடத்துக்கெல்லாம் போயி, ராட்டினத்துக்குப் பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, குழந்தைங்க மூஞ்சியில படம் எழுதறது. புலி கேட்டா புலி, பூனை கேட்டா பூனை. ஆனா வர்ற பிள்ளைங்கள்ல முக்காவாசி பட்டாம்பூச்சிதான் கேக்கும். மொதல்ல ஸ்பாஞ்சால தொட்டு மஞ்சள் வைப்பா, பொத்து பொத்துன்னு. அது மேல செவப்பு. அப்புறம் மெல்லிசு பிரஷ்ஷை எடுத்து, கறுப்புல ஒரே இழுப்பு, சர்ர்ருன்னு. றெக்கை ஓரத்துல வெள்ளைப் புள்ளி, டொக்கு டொக்கு டொக்கு. எழுதி முடிச்சதும் குழந்தை கையில ஒரு சின்னக் கண்ணாடியைக் குடுப்பா. அதுங்க பாத்துட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

அவ வர்ணமெல்லாம் டப்பாக்குள்ள வில்லை வில்லையாக் காஞ்சு கெடக்கும். சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், முழிச்சுக்கும். அப்புறம், சில வாண்டுங்க இருக்குமே, ஒரு எடத்துல உக்காராததுங்க, யாரைச் சொல்றேன்னு தெரியுதா? அதுங்களுக்கு அவ ஒரு வழி வெச்சிருந்தா. தன் உள்ளங்கையிலயே றெக்கையை எழுதி, ஈரம் காயறதுக்குள்ள அந்த வாண்டு கன்னத்துல வெச்சு ஒரு அழுத்து. பச்சக். கையை எடுத்தா றெக்கை கன்னத்துல இருக்கும், வாண்டு ஓடியே போயிருக்கும்.

எந்தத் திருவிழான்னாலும் அஞ்சுகமும் கூடப் போவா. அம்மா முக்காலிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, தன் மூஞ்சியை விடப் பெரிசா இருக்கற டெல்லி அப்பளத்தை நொறுக்கு நொறுக்குன்னு கடிச்சுக்கிட்டு இருப்பா. அம்மாவை விட்டு ஒரு நாள் இருந்ததில்லை.

அப்போ ஒரு தடவை அக்கரையில திருவிழா வந்துச்சு. ஆத்தைப் பரிசல்லதான் தாண்டணும். பாத்தா, அஞ்சுகத்துக்கு மூக்கு ஒழுகுது, இருமல் வேற லொக்கு லொக்குன்னு. ஆத்துக் காத்து இவளுக்கு ஆகாதுன்னு செங்கமலம் நெனச்சா. ஒரு நாள்தானே, போயிட்டுப் பொழுது சாய வந்துடறேன்னு சொல்லி, பாவாயி அத்தை வீட்டுல விட்டா. பாவாயி அத்தை, அஞ்சுகத்தோட அப்பாவுக்கு அக்கா. அஞ்சுகத்துக்கு அப்பா இல்லை. அத்தை வீடு ஆத்தங்கரையிலயேதான் இருந்துச்சு.

அஞ்சுகம் விடுவாளா? அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. நீ கூடத்தான் அழுதே, இன்னிக்குக் காலையில. சரி சரி, அதைச் சொல்லலை.

அப்போ செங்கமலம் என்ன பண்ணினா? அவசரப்படாம கீழ உக்காந்து டப்பாவைத் திறந்தா. அஞ்சுகத்தோட ஒரு கன்னத்துல ஒரு றெக்கை எழுதினா. ஒண்ணே ஒண்ணு. இன்னொரு றெக்கையை, கண்ணாடியைப் பாத்து, தன் கன்னத்துலயே எழுதிக்கிட்டா. ரெண்டும் காஞ்சதும் பொண்ணை இடுப்புல தூக்கி வெச்சு, கன்னமும் கன்னமும் ஒட்டற மாதிரி ரெண்டு பேரும் கண்ணாடியைப் பாத்தாங்க. ஒரு முழுப் பட்டாம்பூச்சி. இங்க ஒரு றெக்கை, அங்க ஒரு றெக்கை. அஞ்சுகம் அழுகையை மறந்துட்டுச் சிரிச்சா.

"பாத்தியா கண்ணு? ஒத்தை றெக்கையால எங்கயும் பறந்து போக முடியாது. ஒரு பாதி இருக்கற எடத்துக்கு இன்னொரு பாதி வந்துதான் ஆகணும்" னு சொல்லிட்டு, பரிசல்காரன் மாரப்பனோட பரிசல்ல ஏறினா. பரிசல் சுத்திச் சுத்திப் போச்சு, சளக் சளக்குன்னு. அம்மா கன்னத்துல இருந்த மஞ்சள் மட்டும் கொஞ்ச தூரம் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியலை.

பரிசல் போனதுக்கப்புறம்தான் அஞ்சுகத்துக்கு ஒரு கேள்வி வந்துச்சு. என் பாதி அழிஞ்சு போச்சுன்னா? அம்மாவோட பாதி எதைத் தேடிக்கிட்டு வரும்? கேக்கறதுக்கு அம்மா பக்கத்துல இல்லை. அதனால அவளே பதிலும் சொல்லிக்கிட்டா. வராது. என் றெக்கை அழிஞ்சா அம்மா வர மாட்டா. சின்னப் பிள்ளைதானே, அப்படித்தான் தோணும்.

ம் சொல்லு. ம்.

அன்னிக்கு மத்தியானமே மேக்கால மலையில மழை பிடிச்சுக்கிச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஆறு ஹோன்னு வந்துச்சு. செம்மண் தண்ணி, மரம் மட்டையெல்லாம் உருட்டிக்கிட்டு வருது. இந்த வெள்ளத்துல எவன் பரிசல் போடுவான்? அம்மா அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா, மாரப்பனும் அங்கயே பரிசலைக் கவுத்துப் போட்டுட்டான். அஞ்சுகம் கரையில வந்து நின்னு பாத்தா. அக்கரையில ராட்டினம் சுத்துது, செவப்பு லைட்டு, பச்சை லைட்டு. அதுக்குக் கீழதான் அம்மா உக்காந்திருப்பா. கண்ணுக்குத் தெரியுது, கிட்டப் போக முடியலை. அவளுக்கு அம்மா வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

அப்புறம் தினமும் பொழுது சாயறப்போ போயி அந்த லைட்டைப் பாத்துட்டு வருவா. மத்த நேரமெல்லாம் றெக்கைக்குக் காவல்.

மொதல் ஆபத்து யாரால வந்துச்சுன்னு நெனைக்கறே? அத்தையால. பாவாயி அத்தைக்குக் கழுவற கிறுக்கு. பாத்திரம் கழுவுவா, வாசல் கழுவுவா, விளக்குமாத்தைக் கூடக் கழுவிக் காயப் போடுவா. அவ ஒரு சொம்புத் தண்ணியோட வந்து, "மூஞ்சியைக் காட்டுடி" ன்னு நிக்கறா. அஞ்சுகம் குடுகுடுன்னு ஓடி மாட்டுக் கொட்டாய்க்குள்ள பூந்துக்கிட்டா. அத்தை பின்னாலயே ஓட, இவ தூணைச் சுத்த, அத்தையும் சுத்த. கடைசியில அஞ்சுகம் சொம்பைத் தானே வாங்கி, ஒரு பக்கம் மட்டும் கழுவிக்கிட்டா. மூக்குல பாதி, நெத்தியில பாதி, வாயில கூடப் பாதி. ஒரு பக்கம் பளபளன்னு, ஒரு பக்கம் புழுதி. இப்படி ஒரு பிள்ளையை நான் பாத்ததே இல்லைன்னு அத்தை முணுமுணுத்துக்கிட்டே போனா.

ரெண்டாவது ஆபத்து எருமைக்கன்னு. அஞ்சுகம் அசந்து படுத்திருக்கா, கன்னு வந்து மோந்து பாக்குது, ஃபுஸ்ஸு ஃபுஸ்ஸுன்னு. அதோட நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். ஒரு நக்கு நக்குச்சுன்னா றெக்கை போயே போச்சு. நாக்கை நீட்டுது, கிட்ட வருது. அஞ்சுகம் முழிச்சுக்கிட்டா. எழுந்திரிக்க நேரமில்லை. அப்போ என்ன பண்ணினா? சட்டுனு திரும்பி, வெறும் கன்னத்தைக் காட்டிட்டா. சர்ர்ரக். அந்தக் கன்னம் பூராச் செவந்து எரிஞ்சுது. எரிஞ்சா எரியட்டும்னு இருந்தா. அத்தை இதைப் பாத்துக்கிட்டுதான் நின்னா. கன்னுக்குட்டியை கொட்டாய்ல இருந்த கடைசித் தூண்ல கொண்டுபோயிக் கட்டினா.

தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது ஆபத்துதான் பெரிய ஆபத்து. ஒரு சாயந்திரம் அஞ்சுகம் கரைக்குப் போயி நின்னா. இருட்டிக்கிட்டு வருது. அக்கரையில லைட்டு வரலை. நின்னா, நின்னா, வரவே இல்லை. செவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. திருவிழா முடிஞ்சு ராட்டினத்தைப் பிரிச்சுட்டாங்க. ராட்டினக்காரங்க அடுத்த ஊருக்குப் போயிருப்பாங்க. அம்மா? அம்மாவும் அவங்களோட போயிட்டாளா?

வீட்டுக்கு ஓடி வந்து கண்ணாடியில பாத்தா. றெக்கை ஓரமெல்லாம் வெடிச்சுப் பொரிஞ்சிருக்கு. ரெண்டு மூணு வெள்ளைப் புள்ளியைக் காணோம். எல்லாம் என்னாலதான்னு நெனச்சா, நான் சரியாப் பாத்துக்கலை, அதனாலதான் அம்மா வரலைன்னு. அப்போ அழுகை வந்துச்சு பாரு. கண்ணுல வந்து முட்டுது. ஆனா அழ முடியாதே. அழுதா தண்ணி எங்க போகும்? கன்னத்துலதானே போகும். அவ மூஞ்சியை மேல தூக்கிக் கூரையைப் பாத்தா. கண்ணைச் சிமிட்டலை. உதட்டை உள்ள மடிச்சுக் கடிச்சுக்கிட்டா. மூக்கு மட்டும் விசுக்கு விசுக்குன்னு.

அத்தை அடுப்பை விட்டுட்டு வந்தா. "அழுதுடு சாமி. எத்தனை நேரம் அடக்குவே?" ன்னு கேட்டா.

"மாட்டேன். றெக்கை போயிடும். றெக்கை போனா அம்மாவுக்கு வரத் தெரியாது."

அத்தைக்கு அப்பத்தான் புரிஞ்சுது, இந்தப் பிள்ளை இத்தனை நாளா எதுக்குக் காவல் காத்துச்சுன்னு. அப்படியெல்லாம் இல்லைடின்னு அவ சொல்லலை. சொன்னா இவ கேப்பாளா? கழுவிக் கழுவித் தேஞ்சுபோன முந்தானையை மடிச்சு, அஞ்சுகத்தோட கண்ணுக்கு அடியில பிடிச்சா. ஒரு சொட்டு வந்துச்சு, முந்தானை வாங்கிக்கிச்சு. இன்னொரு சொட்டு, அதையும் வாங்கிக்கிச்சு. அவ தூங்கற வரைக்கும் அத்தை அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. றெக்கை நனையலை.

அப்புறம் என்ன ஆச்சு? வெள்ளம் எத்தனை நாளைக்குத்தான் நிக்கும்? ஒருநாள் காலையில ஆறு எறங்கிப் போச்சு, கரையெல்லாம் சேறு. தூரத்துல சளக், சளக்... பரிசல். மாரப்பன் துடுப்பு போடறான். அதுல யாரு? சொல்லு பாப்போம். ம், அவளேதான்.

அஞ்சுகம் சேத்துல விழுந்து எந்திரிச்சு ஓடினா. மூஞ்சியை மட்டும் மேல தூக்கிக்கிட்டேதான் விழுந்தா, அதையும் சொல்லிடறேன். பரிசல் கரையில இடிச்சுது, டொம்முனு. செங்கமலம் எறங்கினா. அஞ்சுகம் அவ மூஞ்சியைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. அம்மா கன்னத்துல ஒண்ணுமே இல்லை. மஞ்சள் இல்லை, கறுப்புக் கோடு இல்லை, வெறும் கன்னம்.

"உன் றெக்கை எங்கம்மா?"

"போயிடுச்சு கண்ணு. மொதல் நாள் வெள்ளம் வந்துச்சு பாரு, அன்னிக்கே அழுதுட்டேன். எனக்கு அடக்கத் தெரியலை."

"அப்போ எப்படி வந்தே?"

செங்கமலம் திரும்பி ஆத்தங்கரை வீட்டைக் காட்டினா. "அக்கரையில நின்னா உங்க அத்தை வீட்டு வாசல் லைட்டு தெரியும். தினமும் பொழுது சாயறப்போ வந்து அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்குள்ளதானே நீ இருக்கே. ராட்டினக்காரங்க கூப்பிட்டப்பக்கூடப் போகலை."

இவ அந்த லைட்டைப் பாத்திருக்கா, அவ இந்த லைட்டைப் பாத்திருக்கா. நடுவுல ஆறு. அவ்வளவுதான்.

அஞ்சுகம் உதட்டைக் கடிச்சுப் பாத்தா, மேல பாத்தா, ஒண்ணும் நடக்கலை. அத்தனை நாள் சேத்து வெச்ச அழுகையும் ஒண்ணா வந்துடுச்சு, பொலபொலன்னு. செங்கமலம் அவளை இடுப்புல வாரி எடுத்துக் கன்னத்தோட கன்னத்தை வெச்சு அழுத்திக்கிட்டா. ரெண்டு பேரும் அழறாங்க. மாரப்பன் துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைப் பாக்கற மாதிரி நின்னான்.

அழுது ஓஞ்சு, ரெண்டு கன்னமும் பிரிஞ்சுது. பச்சக்.

அத்தை பின்னாலயே வந்துட்டாளே, அவதான் மொதல்ல பாத்தா. பாத்துட்டு, செங்கமலத்தோட பைக்குள்ள கையை விட்டு அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து ரெண்டு பேரு மூஞ்சிக்கும் முன்னால பிடிச்சா. காஞ்ச வில்லை மாதிரிதானே அந்த றெக்கையும்? கண்ணீர் பட்டு முழிச்சுக்கிச்சு. அஞ்சுகம் கன்னத்துல கொஞ்சம் வெளுத்து ஒரு றெக்கை. செங்கமலம் கன்னத்துல, அதே பொரிஞ்ச ஓரத்தோட, அதே காணாமப் போன புள்ளியோட, இன்னொரு றெக்கை. முழுப் பட்டாம்பூச்சி.

ஊருக்குப் போயி வந்தவங்களுக்குக் கை கால் மூஞ்சி கழுவறதுக்குன்னு அத்தை ஒரு சொம்பு நெறயத் தண்ணி கொண்டு வந்திருந்தா. கழுவாம அவளால இருக்க முடியுமா? அவங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பாத்தா, சொம்பைப் பாத்தா. அப்புறம் குனிஞ்சு, அத்தனை தண்ணியையும் காலுக்கு மட்டும் ஊத்தினா.

ம்? ம் சொல்ல மாட்டேங்கறே. சரி, உன் கன்னத்தை இப்படி வெச்சுக்கோ, என் கன்னத்தோட. பட்டாம்பூச்சிக்கு ரெண்டு றெக்கையும் கெடைச்சுது, பறந்து போச்சு, கதையும் அதோட போச்சு. நீ கண்ணை மூடு சாமி.