அதிரசத் தொட்டியின் கல்மூடி

செம்பொறை நாடு என்று முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதைக் கொற்றவேல் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் எடுத்தால் முழுசாக எடுப்பான், விட்டால் மொத்தமாக விடுவான். இளவரசனாக இருந்தபோது விடியலிலிருந்து உச்சிவேளை வரை கர்லாக்கட்டை சுற்றினான், பாறாங்கல் தூக்கினான். பட்டத்துக்கு வந்ததும் நேரம் போதவில்லை. "முன்போல முடியாதென்றால் எதற்கு?" என்று அடியோடு நிறுத்திவிட்டான்.

"சரியாகச் சொன்னீர்கள் அண்ணா! அரைகுறையாகச் செய்வதும் சும்மா இருப்பதும் ஒன்றுதான்" என்று ஒத்து ஊதினான் சிற்றப்பா மகன் வச்சிரபாகு.

அவனுக்கென்ன அக்கறை என்கிறீர்களா? அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுத் திருவிழாவில் அம்மன் பல்லக்கின் முன்தண்டை ராஜா ஒருவனே தோளில் சுமந்து கோயிலைச் சுற்றிவர வேண்டும். பல்லக்கு தரையைத் தொட்டால் கிரீடம் அடுத்த வாரிசுக்குப் போய்விடும். அந்த அடுத்த வாரிசு சாட்சாத் வச்சிரபாகுதான்.

அமைச்சர் சாத்தப்பர் பதறிப்போய் வாயைத் திறந்தார். ராஜா சீறினான்.

"உடற்பயிற்சி என்று இன்னொரு தரம் சொன்னால் நாடு கடத்திவிடுவேன்! செவ்வாய், வெள்ளிகளில் எனக்குச் சுடும் அதிரசத்தை எவனோ திருடித் தின்கிறான். முதலில் அதைத் தடுத்து நிறுத்தும்!"

"உத்தரவு அரசே" என்றார் அமைச்சர்.

அந்த வாரமே அதிரசம் ஒரு கல்தொட்டிக்குள் போயிற்று. மேலே பெரிய கல்மூடி. "உங்களைத் தவிர யாராலும் தனியாக இதை அசைக்க முடியாது அரசே" என்றார் அமைச்சர். ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் குந்தி உட்கார்ந்து, மூடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி மேடைமேல் வைப்பான். தின்று முடித்ததும் மறுபடி தூக்கி மூடுவான். "ஒரு பலகாரத்துக்கு இந்தப் பாடா! நீர் மனுஷன்தானா?" என்று ஒவ்வொரு தடவையும் அமைச்சரைத் திட்டுவான். அவரும் தலைகுனிந்து வாங்கிக்கொள்வார், பாவம்.

திருவிழா வந்தது. ராஜா கண் கலங்கி நின்றான்.

"தப்புப் பண்ணிவிட்டேன் சாத்தப்பரே. கர்லாக்கட்டையைத் தொட்டு வருஷமாகிறது. கிரீடம் போச்சு."

"தண்டுக்குத் தோள் கொடுங்கள் அரசே, பார்க்கலாம்."

கொடுத்தான். பல்லக்கு எழுந்தது! வச்சிரபாகு வாயைப் பிளந்தான். ராஜா கோயிலைச் சுற்றிவந்து அம்மனைப் பத்திரமாக மண்டபத்தில் இறக்கினான்.

"இது எப்படி ஐயா?"

"நீங்கள் இளவயதில் தூக்கிய பாறாங்கல்லின் எடைக்கே மூடியைச் செதுக்கச் சொன்னேன் அரசே. பலத்தைச் சேர்க்கத்தான் தினம் தினம் பாடுபட வேண்டும். சேர்த்ததைக் காப்பாற்ற வாரத்தில் கொஞ்சம் போதும். பாரம் மட்டும் குறையக் கூடாது."

ராஜா வச்சிரபாகு பக்கம் திரும்பினான். "அரைகுறையும் சும்மா இருப்பதும் ஒன்றா தம்பி? அதிரசத் திருடனும் நீதான் என்று மடைப்பள்ளியே சொல்கிறது. இனித் திருட வேண்டாம். மூடியைத் தூக்கு, எடுத்துக்கொள்." கூட்டம் சிரித்த சிரிப்பில் அவன் தலை நிமிரவே இல்லை.

"உம்மை எவ்வளவு திட்டினேன்! அத்தனையும் பொறுத்துக்கொண்டு என்னைக் காத்தீரே. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?" என்றான் ராஜா. சட்டென்று குனிந்து, அமைச்சரை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"ஐயோ, இறக்கிவிடுங்கள் அரசே! ஊரே பார்க்கிறது!"

"நன்றாகப் பார்க்கட்டும். வீட்டு வாசல்வரை உம்மைச் சுமந்துதான் கொண்டுபோய் விடுவேன். செவ்வாயும் வெள்ளியும் இனி இதுதான்!"